ஆள்காட்டியின் ஒடியாத இறக்கை

அந்தக் காலத்தில் பறவை பேசினால் மனிதனுக்குப் புரியும், மனிதன் பேசினால் பறவைக்குப் புரியும். இப்போது மனிதன் பேசுவதே பக்கத்தில் இருக்கிற மனிதனுக்குப் புரிவதில்லை, அது கிடக்கட்டும். நான் சொல்லப்போவது ஆள்காட்டிக் குருவியின் கதை. தேரியைப் பார்க்க வருகிற நீங்கள் எல்லாரும் வண்டியை விட்டு இறங்கினதும் காதைப் பொத்திக்கொண்டு, "என்னய்யா, இந்தக் குருவி இப்படிக் கத்துது" என்று கேட்கிறீர்களே, அதே குருவிதான். கதையைக் கேட்டுவிட்டுப் பிறகு வேண்டுமானால் பொத்திக்கொள்ளுங்கள்.

தேரி என்றால் சிவப்பு மணல் மேடு. ஒன்றிரண்டு இல்லை, கண்ணுக்கு எட்டின மட்டும் மேடுதான். காற்று அடித்தால் இன்றைக்கு இங்கே இருக்கிற மேடு நாளைக்கு அங்கே இருக்கும். அதற்கு நடுவில் ஏழு மலை, ஏழும் ஏழு நிறம். ஒன்று மஞ்சள்கிழங்கை உடைத்தது மாதிரி இருக்கும். ஒன்று துவரம்பருப்பு நிறம், ஒன்று மாந்தளிர், ஒன்று மயில் கழுத்து, ஒன்று புளியங்கொட்டை, ஒன்று சாம்பல். கடைசி மலை கத்தரிப்பூ நிறம். மலையடியில் ஓர் ஊற்று. தேரி முழுவதிலும் தண்ணீர் என்று இருந்தது அது ஒன்றுதான். இப்போது சுற்றி வேலி போட்டு, பூங்கா என்று பலகை வைத்து, மலை வரைக்கும் தார் ரோடு போட்டிருக்கிறார்கள். அப்போது ரோடு ஏது?

தேரிக்குக் கிழக்கே கடல். கடலை ஒட்டி உப்பளம். அங்கே இருந்த ஜனங்களுக்குப் பிறந்ததிலிருந்து சாகிற வரைக்கும் கண்ணுக்குத் தெரிவது வெள்ளை ஒன்றுதான். பாத்தி வெள்ளை, குவித்து வைத்த அம்பாரம் வெள்ளை, காலில் காய்ந்து ஒட்டியிருப்பதும் வெள்ளை. உச்சி வெயிலில் உப்பைப் பார்த்து நின்றால் கண்ணிலிருந்து நீர் கொட்டும். நாற்பது வயதுக்குள் பார்வை மங்கிவிடும். அதனால் அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வருஷத்தில் ஒரு தடவை, வைகாசி விசாகத்துக்கு வேலையை நிறுத்திவிட்டுக் குடும்பம் குடும்பமாக மலைக்குப் போவார்கள். அங்கே போய்ப் பூசை, பொங்கல் என்று ஒன்றும் செய்யமாட்டார்கள். மலைக்கு எதிரே உட்கார்ந்து பொழுது சாயும் வரை பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதற்கு நிறங்காணப் போவது என்று பேர். ஒரு வருஷத்துக்கு வேண்டிய நிறத்தைக் கண்ணில் வாங்கிக்கொண்டு வந்தால்தான் மறுபடியும் உப்பைப் பார்க்க முடியும் என்று நம்பினார்கள். பிள்ளைக்கு ஆறாம் வயதில் முதல் நிறம் காட்டியாக வேண்டும். நிறம் காணாத பிள்ளை பாத்தியில் இறங்கினால் கண் போய்விடும் என்று பயந்தார்கள்.

மணலில் தடம் நிற்காது. அதனால் மலைக்குப் போகிற வழி ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும், அவள்தான் ஆள்காட்டி. அப்போது அவளுக்கு அந்தப் பேர் இல்லை. வழிக்காரி என்பார்கள், நேரில் வழிக்காரம்மா. மற்றப் பறவையெல்லாம் வானத்தில் போகிற பறவை. இவள் நீண்ட மஞ்சள் காலால் தரையில் நடக்கிறவள், எந்த மேடு எங்கே நகர்ந்தது என்று அவள் காலுக்குத் தெரியும். தேரி தொடங்குகிற இடத்தில் ஒற்றைப் பனை ஒன்று நின்றது. அதனடியில் நின்று யார் கூப்பிட்டாலும் அவள் வரவேண்டும், வந்து ஊற்றடியில் கொண்டுபோய் விடவேண்டும். அவள் பாட்டன் பூட்டன் காலத்தில் உப்பளத்தாருக்குக் கொடுத்த வாக்கு அது. அவள் முன்னால் நடப்பாள், பின்னால் வருகிறவர்கள் அவள் காலடியில் காலடி வைத்து வருவார்கள்.

உப்பளத்தாரும் தங்கள் பங்குக்கு ஒரு மரியாதை வைத்திருந்தார்கள். வழிக்காரியிடம் வழி கேட்கக்கூடாது. "சரியாத்தான் போறோமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் அது சோறு போடுகிறவளிடம் "இதுல விஷம் இல்லையே?" என்று கேட்பது மாதிரி. இந்த மரியாதைதான் கடைசியில் ஆளைத் தின்றது. அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது, வருகிறேன்.

வழிக்காரிக்கு ஒரு மனக்குறை இருந்தது. மணலில் முட்டையிட்டால் ஒரு காற்றுக்கு மூடிப்போகும். கெட்டியான சரளைத் தரை தேரியில் ஒரே இடத்தில்தான் இருந்தது. பனைக்கும் மலைக்கும் பாதி தூரத்தில், இரண்டு மேட்டுக்கு நடுவே, ஆள் போகிற பாதையிலேயே. சரளைவாய் என்று பேர். வேறு போக்கிடம் இல்லாமல் அங்கேதான் முட்டையிட்டாள். முதல் வருஷம் விசாகக் கூட்டம் முட்டையை மிதித்துக்கொண்டு போய்விட்டது. கூட்டம் பெரிசு, எல்லாரும் அவள் காலடியிலேயே வந்துவிடுவார்களா? ஆள்காட்டி முட்டை சரளைக்கல் நிறத்திலேயே இருக்கும், குனிந்து தேடினாலும் தெரியாது. யாரையும் நோவதற்கில்லை.

அடுத்த வருஷம் அவளே வாய்விட்டுச் சொன்னாள். "இங்க நாலு முட்டை கெடக்கு, பாத்துப் போங்க" என்று. ஜனங்கள் மிதிக்கவில்லை, ஆனால் ஆசைப்பட்டார்கள். எங்கே, எங்கே என்று சுற்றி நின்றார்கள். ஒருத்தி எடுத்துப் பார்த்தாள், அடுத்தவள் கை நீட்டினாள், பிள்ளைகள் எனக்கு எனக்கு என்றன. நாலு முட்டையும் ஊரார் கையெல்லாம் சுற்றிவிட்டுப் பத்திரமாகப் பழைய இடத்துக்கே வந்தன. கெட்ட எண்ணம் ஒருத்தருக்கும் இல்லை. கைமாறிக் கைமாறி, குலுங்கிக் குலுங்கி, உள்ளே இருந்த உயிர் போய்விட்டது. அது தெரியாமல் வழிக்காரி நாற்பது நாள் அந்த முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். நாற்பது நாள், ஐயா. உங்களால் நினைத்துப் பார்க்க முடிகிறதா?

மூன்றாம் வருஷம் அவள் புத்தியாக நடந்துகொண்டாள். விசாகம் முடிந்து, கடைசி ஆள் ஊர் திரும்பின பிறகுதான் முட்டையிட்டாள். இனிமேல் அடுத்த வைகாசி வரைக்கும் ஆள் வராது. அவளும் அவள் புருஷனும் மாறி மாறி உட்கார்ந்தார்கள். அவன் ஊற்றுக்குப் போய் வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு வந்து வெயிலில் சுடுகிற முட்டைகளுக்கு ஈரம் கொடுப்பான். முட்டைக்குள்ளிருந்து சத்தம் கேட்கத் தொடங்கியது, இன்னும் ஒரு நாளோ இரண்டு நாளோதான்.

அப்போது ஆனி மாதம் பிறந்து மூன்றாம் நாள் காலை. பனையடியிலிருந்து கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

வந்திருந்தவர்கள் மூன்று பேர். வெயிலுமுத்து, அவன் பெண்டாட்டி சந்தனமாரி, ஆறு வயது மகள் பூங்கனி. விசாகத்தன்று பூங்கனிக்கு அம்மை போட்டிருந்தது. ஊரே நிறங்காணப் போனபோது அவள் வேப்பிலையில் படுத்திருந்தாள். சேக்காளிப் பிள்ளைகள் எல்லாம் போய்வந்து அந்த நிறம் இந்த நிறம் என்று கதை பேச, இவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றின நாளிலிருந்து சோறு இறங்காமல் அழுதாள். ஆவணி வந்தால் அவளுக்கு ஏழு வயது. அதனால்தான் காற்றுக்காலம் தொடங்கிவிட்டது என்று தெரிந்தும் வெயிலுமுத்து துணிந்து புறப்பட்டுவிட்டான். ஒரு நாள் காரியம்தானே என்று நினைத்தான். கையில் ஒரு சுரைக்குடுக்கைத் தண்ணீர். எல்லாரும் அவ்வளவுதான் கொண்டுபோவார்கள், ஊற்றடி வரைக்கும் அது போதும்.

சரளைவாயில் வழிக்காரியின் புருஷன் முட்டையை விட்டு எழுந்திருக்காமல் சொன்னான்: "மூணே பேருதான். சின்னப் புள்ள வேற. சொல்லிரு, ஒதுங்கிப் போவாக."

"போன வருசமும் நான் சொல்லத்தான் செஞ்சேன்" என்றாள் அவள்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இந்த இடத்தில் அவளைத் திட்ட எனக்கும் வாய் வரவில்லை, உங்களுக்கு வந்தால் திட்டிக்கொள்ளுங்கள்.

அவள் ஒரு கணக்குப் போட்டாள். சரளைவாய்க்குக் கொஞ்சம் முன்னாலேயே தெற்கே திரும்பி, ஒரே ஒரு மேட்டைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் மறுபடியும் பாதையில் ஏறிவிடலாம். கால் நாழிகை கூடுதலாகும். அவ்வளவுதான் அவள் நினைத்தது. அவர்களுக்குக் கெடுதல் நினைக்கவில்லை, இதை நான் அடித்துச் சொல்வேன். நினைத்துச் செய்த கெடுதல் என்றால் இந்தக் கதையைச் சொல்வது எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்காது.

பனையடியில் மூவரும் அவளைக் கும்பிட்டார்கள். நடக்கத் தொடங்கினார்கள். பூங்கனியின் கையில் ஒரு சின்னத் துணிமூட்டை இருந்தது, அவள் குதித்துக் குதித்து நடக்க நடக்க அது கிலுகிலுவென்றது. அவள் வாய் ஓயவில்லை. எல்லாவற்றுக்கும் முதலில் கத்தரிப்பூ மலையைப் பார்க்கவேண்டும் என்றாள். உப்பு மண்ணில் கத்தரி முளைக்காது, அவள் கத்தரிப்பூவையே கண்டதில்லை. வழிக்காரி அந்தப் பேச்சைக் கேட்கவில்லை. அவள் கண் எல்லாம் அந்தக் குதிக்கிற கால்கள் மேலும், ஒரு இடத்தில் நிற்காத அந்தக் கைகள் மேலும் இருந்தது. போன வருஷத்துக் கைகள் ஞாபகம் வந்தன.

திருப்பத்துக்கு வந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் சரளைவாய் தெரியும், அதில் அவள் புருஷனின் கறுப்புத் தலையும் கழுத்தோரத்து வெள்ளையும் தெரியும். பூங்கனி கழுத்தை அந்தப் பக்கம் திருப்பினாள். வழிக்காரிக்கு உயிரே போய்விட்டது. என்ன செய்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. தடாலென்று மணலில் விழுந்தாள். ஒரு இறக்கையைத் தரையில் பரப்பி, ஒடிந்துபோனது மாதிரி இழுத்துக்கொண்டு, தெற்குப் பக்கமாக நொண்டி நொண்டி நகர்ந்தாள். மூன்று பேர் கண்ணும் அவள் மேலேயே நின்றன. சரளைவாயை ஒருவரும் பார்க்கவில்லை.

சந்தனமாரி ஓடிவந்து மணலில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ பாவம், றெக்கை ஒடிஞ்சிட்டே. வாயில்லா" என்று சொல்லவந்து, வாயுள்ள பறவை என்று நினைவு வந்து நிறுத்தினாள். குடுக்கையைத் திறந்து உள்ளங்கை நிறையத் தண்ணீர் ஊற்றி நீட்டினாள். வழிக்காரி தலையைத் திருப்பினாள். "குடிங்க வழிக்காரம்மா. நமக்கென்ன, ஊத்து கிட்டத்துலதான இருக்கு" என்றாள் சந்தனமாரி.

வேண்டாம் என்றால் சந்தேகம் வரும் என்று வழிக்காரி அந்தத் தண்ணீரைக் குடித்தாள்.

திரும்பிப் போய்விடலாம், உங்களால் முடியாது என்றும் சந்தனமாரி சொல்லிப் பார்த்தாள். வழிக்காரி கேட்கவில்லை, கால் நன்றாக இருக்கிறது, நடந்து கொண்டுபோய் விடுகிறேன் என்றாள். அவள் அந்த நிலைமையிலும் வாக்கைக் காப்பாற்றுகிறாள் என்று வெயிலுமுத்து கையெடுத்துக் கும்பிட்டான். இறக்கையை இழுத்துக்கொண்டு அவள் முன்னே போக, மூவரும் பின்னே போனார்கள். ஒரு பொய் சொன்னால் அதை நிறுத்த ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். அவளுக்கு ஒன்பது தேவைப்படவில்லை, அந்த ஒரு பொய்யே கடைசி வரைக்கும் போதுமாக இருந்தது.

மேட்டைச் சுற்றி அந்தப் பக்கம் வந்தபோது அவள் நின்றுவிட்டாள். அங்கே பாதை இல்லை. அவள் முட்டைமேல் உட்கார்ந்திருந்த இந்த இருபது இருபத்தைந்து நாளில், ஆனிக் காற்று அந்தப் பக்கத்தையே மாற்றிவைத்திருந்தது. சமதரை இருந்த இடத்தில் செங்குத்தாக ஒரு மேடு நின்றது. அதன் தலையிலிருந்து மணல் வழிந்துகொண்டே இருந்தது. கால் தெரிந்து வைத்திருந்த வழி எதுவும் அங்கே உதவாது. வந்த வழியே திரும்பினால் சரளைவாயைத்தான் மிதித்துப் போகவேண்டும். சரி, இன்னொரு மேட்டைச் சுற்றினால் திறப்பு இருக்கும் என்று நினைத்துத் தெற்கே நடந்தாள்.

அடுத்த மேட்டின் உச்சியில் ஏறினதும் பூங்கனி நின்றாள். "யப்பா, மலை அங்கன தெரியுது. மஞ்சளா இருக்கு. நாம இங்கிட்டுப் போறோம்" என்றாள்.

வெயிலுமுத்துவுக்கும் அது தெரியும். மலைக்குப் போகிறவனுக்குக் காலை வெயில் முதுகில் அடிக்க வேண்டும். அன்றைக்கு இடது தோளில் அடித்துக்கொண்டிருந்தது. வெகு நேரமாக அவனுக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் எப்படிக் கேட்பது? இறக்கை ஒடிந்த நிலையில் இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு நடக்கிறவளைப் பார்த்து, "வழி சரியா?" என்று எந்த நாக்கால் கேட்பது? அவன் மகளைத்தான் அதட்டினான்.

"வழிக்காரம்மாவுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிபோச்சு? வாய மூடிட்டு வா, ஏட்டி."

வழிக்காரி அதைக் கேட்டாள். அந்த நேரத்தில் அவள் எம்பிப் பறந்து மேலே ஒரு வட்டம் அடித்திருந்தால் போதும். எந்த மேடு எங்கே நிற்கிறது, எதற்கும் எதற்கும் நடுவே சந்து இருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரிந்திருக்கும். பறக்க முடியாமல் இல்லை. ஆனால் பறந்தால் இறக்கை ஒடியவில்லை என்று தெரிந்துபோகும். அந்தப் பெண் உள்ளங்கையில் ஏந்திக் கொடுத்த தண்ணீரின் ஈரம் அவள் அலகில் இன்னும் காயவில்லை. வெட்கம், ஐயா. மானக்கேடு. உயிரைவிட மானம் பெரிது என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். யாருடைய மானத்துக்கு யாருடைய உயிர் என்று சொல்வதில்லை. அவள் பறக்கவில்லை, நடந்தாள்.

மேலும் மூன்று மேடு. உச்சி வெயில் ஏறிவிட்டது. மணல் காலைச் சுட்டது. குடுக்கையில் மிச்சம் இருந்ததைப் பூங்கனிக்குக் கொடுத்தார்கள், அதிலும் அவள் ஒரு வாய் மிச்சம் வைத்து, வழிக்காரிக்குக் கொடுக்கவேண்டும் என்றாள். வழிக்காரி காதில் விழாதது மாதிரி முன்னால் போனாள். மேற்கே வானம் செக்கச்செவேலென்று ஆகிக்கொண்டிருந்தது. மணலின் மேல்பரப்பு புகைய ஆரம்பித்தது. அம்மை இறங்கின உடம்பு, எவ்வளவுதான் தாங்கும்? பூங்கனி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சந்தனமாரி தூக்கப் பார்த்தாள், அவளாலும் முடியவில்லை.

அப்போதுதான் வழிக்காரி பறந்தாள்.

அவள் எழும்பினதைப் பார்த்து முதலில் பேசினது பூங்கனி. அவள் முகம் மலர்ந்துவிட்டது. "யம்மா, றெக்கை சரியாப் போச்சு!" என்றாள்.

வெயிலுமுத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான். "பறப்பியா நீ?" என்று மட்டும் கேட்டான். அவன் குரலில் கோபம் இல்லை. அதைத்தான் அவளால் கடைசி வரைக்கும் மறக்க முடியவில்லை.

மேலே போனதும் எல்லாம் தெரிந்தது. மலை வடக்கே, ஒரு நாழிகை நடைதான். வழியில் ஒரு சந்தும் தெரிந்தது. ஊற்றுத் தண்ணீர் வெயிலில் மின்னுவதும் தெரிந்தது. மேற்கேயிருந்து காற்று சிவப்புச் சுவராக எழும்பி வருவதும் தெரிந்தது. "வடக்க வாங்க, என் பின்னாலயே வாங்க" என்று அவள் கத்தினாள். வெயிலுமுத்து மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பத்து எட்டு வைத்திருப்பான், காற்று வந்து மூடிவிட்டது.

அதற்குப் பிறகு கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர்களுக்கு அவளைத் தெரியவில்லை, அவளுக்கு அவர்களைத் தெரியவில்லை. அவள் கத்திக்கொண்டே இருந்தாள். தேரிக்குள் காற்றில் ஒரு குரல் எழுந்தால் அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது, மேட்டுக்கு மேடு மோதித் திரும்பும். அவள் வடக்கிலிருந்து கூப்பிட்டால் அவர்களுக்குத் தெற்கிலிருந்து கேட்டிருக்கும். வெகு நேரம் வெயிலுமுத்துவின் குரல் கேட்டது. "வழிக்காரம்மா, வழிக்காரம்மா" என்றுதான் கூப்பிட்டான். எல்லாம் தெரிந்த பிறகும் அம்மா என்பதை விடவில்லை. ஒரு தடவை வலப்பக்கம் கேட்டது, ஒரு தடவை பின்னால் கேட்டது. பிறகு பிள்ளை அழுகிற சத்தம் கொஞ்ச நேரம். பிறகு காற்று மட்டும்தான்.

மூன்று நாள் காற்று ஓயவில்லை. மூன்று நாளும் அவள் கண்ணை மூடாமல் மணலுக்குள் தேடினாள். இடையில் ஒரு தடவை சரளைவாய்க்கு வந்தாள். நாலு முட்டையும் பொரித்திருந்தன. நாலு குஞ்சும் கல்லுக்குள் கல்லாகப் பதுங்கி உயிரோடு இருந்தன. இரண்டு வருஷமாக எதற்காக அழுதாளோ அது கண்முன்னே ஓடியாடிக்கொண்டிருந்தது. புருஷன் சந்தோஷமாக, "அவுகளை ஊத்தடியில பத்திரமா விட்டுட்டியா?" என்று கேட்டான். அவள் குஞ்சுகளைப் பார்த்தாள். கிட்டே போக முடியவில்லை. திரும்பவும் பறந்துபோனாள்.

நாலாம் நாள் காற்று அடங்கினபோது தேரி கழுவித் துடைத்தது மாதிரி இருந்தது. மேடெல்லாம் புது மேடு. எந்த மேட்டுக்கு அடியில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு மேட்டின் அடிவாரத்தில் துணி ஓரம் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அலகால் இழுத்தாள். பூங்கனியின் மூட்டை மட்டும் வந்தது. சுற்றிலும் நாளெல்லாம் காலால் பறித்துப் பார்த்தாள். வேறு ஒன்றும் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் பனையடியிலிருந்து ஒருவன் கூப்பிட்டான். வெயிலுமுத்துவின் தம்பி சுயம்பு. ஒரு நாளில் வருகிறேன் என்று போன அண்ணன் நாலு நாளாக வராததால் தேடி வந்திருந்தான். வாக்கு இருக்கிறதே, வழிக்காரி போனாள். மூட்டையை இழுத்துக்கொண்டு போய் அவன் காலடியில் வைத்தாள்.

அவன் வழி கேட்கவில்லை. "எங்க அண்ணனை எங்க விட்ட?" என்று கேட்டான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முட்டையை, சுற்றுவழியை, ஒடியாத இறக்கையை, உள்ளங்கைத் தண்ணீரை, ஒன்றையும் மறைக்கவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். சுயம்பு கேட்டுக்கொண்டே மூட்டையின் முடிச்சை அவிழ்த்தான். உள்ளே இருந்தது கிளிஞ்சல். கடற்கரைக் கிளிஞ்சல், நல்ல வெள்ளையாகப் பார்த்துப் பொறுக்கினது, நாற்பது ஐம்பது இருக்கும்.

"இது எதுக்குன்னு தெரியுமா?" என்றான் சுயம்பு. "போன வருசம் ஒன் முட்டை வீணாப்போச்சுன்னு ஊருக்குத் தெரிஞ்ச நாள்லருந்து எங்க மதினிக்கு மனசு ஆறல. அந்த முட்டையக் கையில எடுத்தவுகள்ல அவளும் ஒருத்தி. இனிமே சரளைவாயில முட்டையப் பாத்தா தொடக்கூடாது, சுத்தி வெள்ளைக் கிளிஞ்சல் வைக்கணும், பின்னால வாரவனுக்குத் தெரியும்னு சொன்னா. புள்ளையக் கூட்டிக்கிட்டு அலையோரமா ஒரு மாசம் பொறுக்குனா. ஒன்கிட்ட முன்கூட்டியே சொல்ல வேண்டாம், வச்சுட்டுக் காட்டுவோம்னு பூங்கனிதான் சொல்லிச்சு."

அந்தக் கிலுகிலு சத்தம் வழிக்காரியின் காதில் கேட்டது. வழியெல்லாம் எந்தக் கைக்குப் பயந்தாளோ, அந்தக் கையில் இருந்தது இதுதான்.

சுயம்பு அவளை அடிக்கவில்லை, சாபம் இடவும் இல்லை. அதையாவது செய்திருக்கலாம். மணலில் குத்துக்கால் இட்டு உட்கார்ந்து, கிளிஞ்சலை ஒவ்வொன்றாகத் துணியில் திரும்பப் போட்டான். போட்டுக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னான்:

"ஒரு கத்து கத்தியிருக்கலாமே நீ. இங்க என் முட்டை கெடக்கு, கிட்ட வராதன்னு ஒரே ஒரு கத்து. எங்க அண்ணன் நின்ன எடத்துலயே நின்னுருப்பான்."

அவள் வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. பிறகு எப்போதும் வரவில்லை.

சுயம்பு போய்விட்டான். அதற்குப் பிறகு உப்பளத்திலிருந்து யாரும் பனையடியில் வந்து நின்று கூப்பிடவில்லை. நிறங்காணப் போகிற வழக்கம் அந்த வருஷத்தோடு நின்றுபோயிற்று. உப்பளத்தில் இன்றைக்கும் பாருங்கள், வெள்ளையையே பார்த்துப் பார்த்து இளவயதிலேயே கண் மங்கிப்போகிற ஜனம்தான். தலைக்கு மேலே ஆள்காட்டி கத்திக்கொண்டு போனால் அங்கே உள்ள பெண்கள் குடத்தைச் சாய்த்து ஒரு கை தண்ணீரைத் தரையில் விடுவார்கள். ஏன் என்று கேட்டால் சந்தனமாரி பேரால் என்பார்கள், தண்ணீர் அவளுக்கா குருவிக்கா என்று விளக்கமாட்டார்கள். மலை அங்கேயே இருக்கிறது. நீங்கள் வந்து பார்க்கிறீர்கள், படம் எடுக்கிறீர்கள், கத்தரிப்பூ மலைக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்திச் சிரிக்கச் சொல்கிறீர்கள். சிரிக்கட்டும், பிள்ளைகள்தானே.

ஆள்காட்டியின் கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு சதை இருக்கிறதே, அது மூன்று நாள் மணல் அறுத்த புண். ஆறவே இல்லை. அவள் இன்னும் சரளைத் தரையில்தான் முட்டையிடுகிறாள், வேறு இடம் அவளுக்கு வாய்க்கவில்லை. முட்டைக்குக் கிட்டே ஆள் வந்துவிட்டால் இன்னும் இறக்கையை இழுத்துக்கொண்டு நொண்டத்தான் செய்கிறாள், அந்தப் பாழும் பழக்கமும் போகவில்லை. பார்த்தால் பின்னாலேயே போகாதீர்கள். அவள் நொண்டுவதற்கு முன்னால், நீங்கள் எங்கோ தூரத்தில் வரும்போதே, வட்டம் போட்டுப் பறந்துகொண்டு தொண்டை கிழியக் கத்துகிறாளே, அதைக் கேட்டு நின்றுவிடுங்கள். அன்றைக்குக் கத்தாமல் விட்ட அந்த ஒரு கத்தலைத்தான், அன்றிலிருந்து இன்றுவரை, ஆளைக் கண்ட இடத்திலெல்லாம் அவள் கத்திக்கொண்டிருக்கிறாள்.